சங்கக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது

எங்கள் காட்டோரத்துக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாம்புத் தொல்லைக்காக மூன்று தீர்மானங்கள் எடுத்தோம். கடைசி வேலிக்கும் வன இலாகாக் கல்லுக்கும் நடுவில் கிடக்கிற பற்றையை ஜேசிபி பிடித்து வழித்துவிடுவது. பாம்பு வராமல் ஊற்ற வீட்டுக்கு ஒரு போத்தல் கார்போலிக் வாங்கிக் கொடுப்பது. பாம்பு அடித்துக் காட்டுகிற பொடியனுக்கு 500 ரூபா. கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். முன்வரிசையில் அக்கா பேரனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அழுதுகொண்டிருந்தார், அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு நித்திரை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பாம்பில் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990இல் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினவர்கள் நாங்கள். வருசக்கணக்குக் கழித்துத் திரும்பி வந்தபோது விறாந்தையில் பாலைக்கன்று முளைத்து நின்றது, குசினி அடுப்புக்குள் புடையன் சுருண்டு கிடந்தது. அன்று தொடங்கி இருட்டினால் எங்கள் வீட்டில் பாம்பு என்ற சொல்லே கிடையாது, 'பூச்சி'தான். பயம் எனக்கும் உண்டு.

தம்பியைப் பாம்பு கடித்தது உங்களுக்குத் தெரியும். எப்படி நடந்தது என்று முழுதாகச் சொன்னதில்லை. வெட்கம். கார்த்திகை மழை, வெக்கை தாங்காமல் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். தலைமாட்டில் நெல்மூட்டை. நடுச்சாமத்தில் ஏதோ முள் குத்தின மாதிரி இருந்ததாம், பூரான் என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டான். விடிய வயிற்றுவலி என்றான். காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. நான் வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஏழு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. 'நித்திரை முறியேல்லப் போல' என்று நான் சிரித்தேன். அதற்குப்பிறகு விழுங்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. பாயைத் தூக்கின தங்கச்சிதான் அடியில் கிடந்ததைக் கண்டாள். எட்டடி விரியன்.

அதோடு என் முட்டாள்தனம் முடியவில்லை. கயிறு எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன், விஷகடிப் பரியாரி வீட்டுக்கு ஓட்டோ பிடித்தேன். அந்த மனிசன் தம்பியின் கண்ணிமையை ஒருமுறை பார்த்தார். 'நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, இது மூச்சை நிப்பாட்டும்' என்று அதே ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார். அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன். தம்பி நாலு நாள் மெசினில்தான் மூச்சு விட்டான். இந்த விரியனின் நஞ்சு நரம்பு முனையையே பழுதாக்கிவிடும். பிந்திப் போனால் மருந்து ஏற்றினாலும் நரம்பு தானாகத் திரும்பும்வரை மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மணித்தியாலங்களை நான் தேத்தண்ணியில் கழித்தேன்.

இப்போது பற்றைக்கு வருகிறேன். அந்த விரியன் தம்பியைத் தேடி வரவில்லை. நெல்லுக்கு எலி வந்தது, விளக்கடியில் பல்லி வந்தது, அதுகளுக்குப் பின்னால் சின்னப் பாம்புகள் வந்தன. எட்டடி விரியனுக்கு விருப்பமான சாப்பாடே மற்றப் பாம்புதான். ஜேசிபி போட்டால் இந்த வரிசை அறுந்துவிடுமா? பற்றைக்குள் கீரி இருக்கிறது, மயில் இருக்கிறது, சாரை இருக்கிறது. வழித்த அன்றைக்கே அதுகள் கலைந்துபோகும், எலி மட்டும் நம் வீட்டுக்கு வரும். வெட்டி ஒதுக்கிய வேரும் மரமும் வேலியோரம் குவிந்து கிடக்கும், அள்ளிக் கொண்டுபோக இரண்டாவது தடவை காசு சேர்க்க நம்மால் முடியாது. பாம்புக்கு அதைவிட நல்ல வீடு வேறு எது? கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி கை வைத்தாலும் வன இலாகா வழக்குப் போடும் என்பது தனிக்கதை.

கார்போலிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வருசம் நானும் ஊற்றினேன். ஊற்றின மூலையிலேயே சாரை சட்டை கழற்றிவிட்டுப் போயிருந்தது. பாம்பு போனதோ இல்லையோ, பக்கத்து வளவுப் பிள்ளை போத்தலைத் தட்டிக் கால் வெந்தது. உள்ளிச்சாறு, மண்ணெண்ணெய், வேலியோரச் சிறியாநங்கை எல்லாம் மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

அந்த 500 ரூபாதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. நம் பொடியன்கள் கொண்டுவரப்போவது எட்டடி விரியனா? பகலில் அது வெளியே வருவதே அரிது. சாரை வரும், பச்சைப்பாம்பு வரும், கொம்பேறி மூக்கன் வரும், ஒன்றும் செய்யாத தண்ணீர்ப்பாம்பு வரும். விரியன் மாதிரியே வெள்ளைப் பட்டி போட்டு, ஓட்டிலும் சுவரிலும் பல்லி தேடி ஏறுகிற நஞ்சில்லாத பாம்பு ஒன்று இருக்கிறது. பாவம், விரியன் என்ற பெயரில் அடிவாங்கிச் சாகிறது அதுதான். எலி பிடிக்கிற சாரையை அடிக்கக் காசு கொடுத்துவிட்டு, எலிமருந்து வாங்க இன்னொரு கூட்டம் போடுவோம். தடியோடு கிட்டப் போகிற பொடியனைப் புடையன் திருப்பிக் கடித்தால் சங்கம் என்ன பதில் சொல்லும்? நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கிற நாம்தான் வளவில் நாகம் வந்தால் அலவாங்கு தேடுகிறோம், அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆபத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2016இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி இலங்கையில் ஒரு வருசத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 30,000 பேருக்கு நஞ்சு ஏறுகிறது, 400க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். நமக்கு ஏற்றுகிற மருந்தும் இந்தியாவிலிருந்து வருவது, நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை நாலுக்கும் செய்தது. நாட்டில் அதிகம் பேரைக் கடிக்கிற கோப்பி விரியனுக்கு அது கேட்காது. அப்படியென்றால் கடிபடாமல் இருப்பதில்தான் காசைப் போட வேண்டும்.

என் கணக்கு இது. ஜேசிபிக்கு ஒதுக்கினதில் முதல் வேலையாக, தரையில் படுக்கிற வீடுகளுக்கு நுளம்பு வலை வாங்குவோம். வலையின் கரையைப் பாய்க்கு அடியில் சுற்றிவர மடித்துவிட்டால் விரியன் உள்ளே வராது. இயன்றவர்களுக்குக் கட்டில், ஆனால் போர்வை நிலத்தில் தொங்கக்கூடாது. வீட்டுக்கு ஒரு டோர்ச். கக்கூசு வெளியே இருக்கிற வீடுகளுக்கு வழியில் ஒரு பல்ப். ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பொச்சுமட்டை, உடைந்த ஓடு, தகரம், விறகு எல்லாவற்றையும் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குவோம். நெல்லும் கோழித்தீனும் படுக்கிற இடத்தில் வேண்டாம். கதவுக்கு அடியில் விரல் போகிற இடைவெளி இருந்தால் பழைய டயர் ரப்பர் ஒரு துண்டு அடித்தால் போதும். எல்லாம் சேர்த்தாலும் ஜேசிபிக் காசில் மிச்சம் வரும் என்று நினைக்கிறேன், பொருளாளர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

கடிபட்டால் என்ன செய்வது என்பதைச் சங்கப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடிக்க வேண்டும், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது பிந்தினால் முதலில் கிடைக்கிற வாகனம். கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். மோதிரம், கொலுசு, காப்பு கழற்ற வேண்டும். பாம்பைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. புடையன் என்று சந்தேகம் வந்தால் டொக்டர்மார் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிசம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், எட்டடி விரியன் என்றால் கண்ணிமையைப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் நிலத்தில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி வந்தால், காயம் தேடிக்கொண்டிருக்காமல் வெளிக்கிடுங்கள். வீட்டுக்குள் பாம்பு நின்றால் பிள்ளைகளை வெளியே எடுத்துவிட்டு, ஒருவர் தூர நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வனசீவராசிகள் இலாகாவின் 1992க்கு அடிக்கலாம்.

அக்கா, உங்கள் பேரன் படுக்கிற அறையை நான் வந்து பார்க்கிறேன். தம்பியும் வருவான், ஓட்டை அடைக்க சீமெந்து அவனிடம் இருக்கிறது.

மாரி தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். ஜேசிபிக்காரருக்கு முற்பணம் கொடுக்கமுன் ஒரு அவசரக் கூட்டம் வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். தூக்கின கையை இறக்குகிறேன் என்று எழுந்து நின்று சொல்வேன். பின்னேரம் வைத்தால் எல்லோரும் டோர்ச் கொண்டு வாருங்கள். வாசிகசாலை ஒழுங்கையில் லைட் இன்னும் எரியவில்லை.

இப்படிக்கு,
கடைசி வேலி வீட்டுக்காரன்
திருகோணமலை