நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பறவை நோக்கல் கட்டுரையில் ஒரு வரி: “வழக்கமான சிட்டுக்குருவியிலிருந்து நிறம் மாறித் தெரிந்தால் அது அரிய இனம் என்று உறுதி செய்துகொள்ளலாம்.” இதை நம்பி எத்தனை பேர் குறிப்பேட்டில் தப்பான பெயரை எழுதப் போகிறார்களோ என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

சிட்டுக்குருவியில் முதலில் ஏமாற்றுவதே நிறம்தான். ஆணின் தொண்டைக் கறுப்பு ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்து புது இறகு முளைக்கும்போது அதன் நுனி வெளிறியிருக்கும். கறுப்பு பாதி மறைந்து தெரியும். நாளாக ஆக நுனி தேய்ந்து கறுப்பு வெளியே வரும். அலகும் கூடு கட்டும் காலத்தில் கறுப்பு, மற்றக் காலத்தில் வெளிர் பழுப்பு. பூவைக் கொத்திய குருவியின் முகத்தில் மகரந்தம் ஒட்டினால் மஞ்சளாகத் தெரியும். இறகு உதிர்க்கும்போது சில குருவிகளுக்குத் தலை மொட்டையாகிவிடுவதும் உண்டு. சாயங்கால வெயிலில் எடுத்த படத்தில் சாம்பல் நிற உச்சந்தலை செம்பழுப்பாகிவிடும். இவையெல்லாம் நம் பழைய சிட்டுக்குருவியேதான்.

அந்தக் கட்டுரையில் வெள்ளைக் குருவியின் படத்துக்கு ‘அல்பினோ’ என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். அதன் கண் கருகருவென்று இருக்கிறது. அல்பினோ என்றால் கண்ணிலும் கருநிறமி இருக்காது. கண் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். கண் கறுத்து, இறகு மட்டும் வெளுத்திருந்தால் அது லூசிசம். தாங்கள் அறியாததல்ல. அச்சுக்குப் போகுமுன் கண்ணை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

உண்மையான சிக்கல் பெண் குருவிகளில்தான் இருக்கிறது, அவற்றைப் போலவே தோன்றும் வேறு பறவைகள் உண்டு. கட்டுரை அதைத் தொடவே இல்லை. பெண் சிட்டுக்குருவிக்கு முதுகில்தான் கோடுகள், உச்சந்தலையில் கிடையாது. இனப்பெருக்கம் இல்லாத காலத்துத் தூக்கணாங்குருவிக்கு உச்சந்தலையிலும் கோடுகள் ஓடும். அலகு தடித்திருக்கும், வால் குட்டை. சாம்பல்தலை வானம்பாடியின் பெண்ணும் அப்படியே ஏமாற்றும். ஆனால் அது குட்டைக் காலோடு தரையை ஒட்டிப் பதுங்கி நடக்கும், சிட்டுக்குருவி தத்தும். மஞ்சள் தொண்டைச் சிட்டுக்கு முதுகில் கோடே இல்லை, அலகு மெலிந்து கூர்மையானது, சிறகில் வெள்ளைப் பட்டை தெரியும். அந்த மஞ்சள் ஒரு சிறு திட்டுதான், பெண்ணில் அது மங்கல். மஞ்சளை மட்டும் தேடுகிறவர் பெண்ணைத் தவறவிடுவார். மகரந்தம் ஒட்டிய சிட்டுக்குருவியை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று எழுதிவிடுவார். பின்னாளில் பெரிய பறவையியலாளரான சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே கழகச் செயலாளர் மில்லர்டு அதை அடையாளம் சொன்னதோடு, பதப்படுத்திய பறவைகளின் சேகரிப்பையும் காட்டினார் என்பது ஊரறிந்த செய்தி. பறவையைக் கையில் வைத்திருந்தவருக்கே அறிந்தவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் நெடுநாளாக உறுத்துகிறது. மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி தினம் வந்தால் போதும், கன்னத்தில் கறுப்புப் பொட்டும் முழுச் செம்பழுப்பு உச்சந்தலையும் உள்ள, வேறு இனமான மரச்சிட்டின் படத்தைப் போட்டு ‘நம் வீட்டுச் சிட்டுக்குருவி’ என்று எழுதுகிறீர்கள். மரச்சிட்டில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். சிட்டுக்குருவியில் ஆண் வேறு, பெண் வேறு. போன ஆண்டும் கடிதம் போட்டேன், பதில் இல்லை. அமெரிக்கச் ‘ஸ்பேரோ’க்களைச் சிட்டுக்குருவியின் உறவு என்று எழுதியபோதும் அப்படித்தான். அவை வேறு குடும்பம். பழைய ஊரில் பார்த்த குருவியின் சாயல் இருந்ததால் குடியேறியவர்கள் வைத்த பெயர் அது.

கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரிக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். வாசகர்கள் அனுப்பும் அரிய பறவைப் படங்களுக்குப் பக்கவாட்டில் ஒன்று, முதுகு தெரிய ஒன்று, அலகு தெளிவாக ஒன்று என மூன்று படம் கேளுங்கள். பக்கத்தில் எந்தப் பறவை இருந்தது, அதைவிடச் சிறியதா பெரியதா, தத்தியதா நடந்ததா என்பதையும், பறவைக் கையேட்டைத் திறக்குமுன் எழுதிய குறிப்பாகக் கேளுங்கள். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால், பெயர் போடாமலே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்