ஒரு வரி போதாது, முருகேசா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் விடுதிக்குப் போனதிலிருந்து ரிமோட்டுக்குச் சண்டை போட ஆளில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் உன் நிரலை, ‘உரிமையைக் கைவிட்டேன், யாரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி போட்டு வெளியிட்டால் போதாதா என்கிறாய். பாரதி படைப்புகளைப் பொதுவாக்க அரசே உரிமையை வாங்க வேண்டியிருந்தது. உன் நிரலை வாங்க எந்த அரசும் வரப்போவதில்லை, ஆகவே நீயேதான் செய்தாக வேண்டும். உரிமையைக் கைவிடுவதை நாட்டுக்கு நாடு ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் தொல்லை.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உரிமையைக் கைவிட வழி தருகிறது. பதிவாளருக்கு உரிய படிவத்தில் அறிவிக்கலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு பொது அறிவிப்பும் கொடுக்கலாம். கோப்பின் தலையில் எழுதிய ஒரு வரி பொது அறிவிப்பு ஆகுமா? வக்கீலைக் கேட்டுப் பார், அரைமணி நேரம் பேசுவார்! உரிமையைக் கொடுத்தாலும் ஆசிரியரிடம் மிஞ்சுவதும் உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் தான் செய்த சுவர்ச் சிற்பம் சிதைக்கப்பட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், உரிமை அரசிடம் போயிருந்தும், படைப்பைச் சிதைப்பதை ஆசிரியர் எதிர்க்கலாம் என்னும் 57ஆம் பிரிவின்படி 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

ஜெர்மனியில் இன்னும் கெடுபிடி. அங்கே ஆசிரியர் உரிமை வாரிசுக்குப் போகலாமே தவிர, உயிரோடு இருக்கும்போது யாருக்கும் கைமாற்றித் தர முடியாது. பயன்படுத்த அனுமதி மட்டும் தரலாம். அமெரிக்காவிலோ கூட்டாட்சி அரசு ஊழியர் வேலையாக எழுதும் நிரலுக்கு உள்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது.

எஸ்க்யூலைட்டைப் பார். உன் போனிலேயே இருக்கும் தரவுத்தளம் அது. ரிச்சர்ட் ஹிப் அதைப் பொதுவில் விட்டார்; மூலக் கோப்புகளில் உரிமத்துக்குப் பதிலாக ஓர் ஆசீர்வாதம்தான் இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. அப்படியும், இப்படி உரிமையைத் துறந்து பொதுச்சொத்தாக்குவதை, அதாவது பப்ளிக் டொமைனை, ஏற்காத நாடுகளின் கம்பெனிகள் காகிதம் கேட்டதால், அவர்களுக்கென்று காசுக்கு உரிமம் விற்கிறார்கள். உரிமைச் சிக்கல் வராமலிருக்க வெளியார் நிரலைக் கண்டபடி சேர்த்துக்கொள்வதும் இல்லை.

இதற்காகவே, பொதுப் பயன்பாட்டு உரிமங்களை எழுதித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2009இல் சிசி ஜீரோவைக் கொண்டுவந்தது. கைவிடுகிறேன், அது செல்லாவிட்டால் நிபந்தனையற்ற அனுமதி தருகிறேன் என்று அடுக்கடுக்காக எழுதிய ஆவணம். ஆனால் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், எதையும் தரவில்லை என்று அதிலேயே சொல்லியிருப்பதால் ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் 2022இல் புதிய நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. தகவல் தொகுப்புக்கு நல்லது, நிரலுக்கு நான் சொல்லமாட்டேன்.

என் யோசனை ஜீரோ பிஎஸ்டி என்ற உரிமம். நிரலர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எளிய எம்ஐடி உரிமம்கூட ‘என் அறிவிப்பை நீக்காதே’ என்று ஒரு நிபந்தனை வைக்கும். இதில் அதுவும் இல்லை. நீ எதையும் துறக்கவில்லை, அனுமதிதான் தருகிறாய். அனுமதி ஜெர்மனியிலும் செல்லும். அப்புறம், உன் ஒற்றை வரியில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: எந்த உத்தரவாதமும் இல்லை என்ற வாசகம். உன் நிரல் ஒருவரின் புத்தகத்தில் லகர ளகரத்தைக் குழப்பிவைத்தால் அவர் உன்னிடம் நஷ்டஈடு கேட்டு வரக்கூடாது பார்.

இன்னொன்று. எழுத்து மாற்று அட்டவணையைத் தம்பி ரவி அலுவலக நேரத்தில் எழுதினான் என்று முன்பு சொன்ன ஞாபகம். வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாக முதலாளிக்குத்தான் சொந்தம். அவனிடம் கேட்டு, தேவையானால் அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஒப்புதல் வாங்கு. இல்லாவிட்டால் அந்தப் பகுதியை நீயே புதிதாக எழுது.

பொங்கலுக்கு வருவாயா? உரிமக் கோப்பைப் போட்டதும் எனக்கு அனுப்பு, ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்