ராட்சதப் பரங்கி: விதையைப் பழிக்குமுன் நாற்றைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பளுதூக்கி கொண்டு எடைமேடையில் இறக்கப்படும் ராட்சதப் பரங்கிக்காயின் படம் அறுவடைக் காலந்தோறும் தங்கள் நாளிதழில் வெளிவருகிறது. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஏறக்குறைய 1,247 கிலோ எடை காட்டிய காயைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, ஆசையோடு விதை வாங்கிய சிலரை நான் அறிவேன். அவர்களில் பலருக்குக் காய் மட்டுமல்ல, கொடியே கிடைக்கவில்லை. விதைத்த மூன்று வாரத்துக்குள் நாற்றுகள் ஒவ்வொன்றாக மடிந்துபோக, விதை சரியில்லை என்ற முடிவுக்கு வந்து முயற்சியைக் கைவிட்டுவிட்டார்கள். இந்தப் பயிரோடு பல ஆண்டுகள் பழகிய எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. குறை பெரும்பாலும் விதையில் இல்லை. முதல் பதினைந்து நாள்களில் நாம் கொடுக்கும் நீரிலும் வெப்பத்திலும்தான் இருக்கிறது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்டு டில் என்ற விவசாயி உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயண்ட்’ வகையின் வழிவந்தவையே இன்று போட்டிகளுக்கு வரும் பெருங்காய்கள். இவற்றின் விதை பெரியது, உறையும் தடித்தது. அது முளைக்க 27 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். இங்கே கணக்கில் கொள்ள வேண்டியது அறையின் வெப்பம் அன்று, மண்ணின் வெப்பம். ஈர மண் பொதுவாக அறையைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும் என்பதால் வெப்பமானியைத் தொட்டிக்குள் செருகித்தான் பார்க்க வேண்டும். பத்து நாள் ஆகியும் முளை தெரியவில்லை என்றால் மண்ணை மெல்ல விலக்கி விதையை எடுத்துப் பாருங்கள். விரலால் அழுத்தும்போது உள்ளிருப்பது கூழாகப் பிதுங்கிப் புளித்த வாடை அடித்தால், குளிர்ந்த ஈரத்தில் கிடந்து அழுகிவிட்டது என்று பொருள். கெட்டியாக இருந்தால் அதே இடத்தில் வைத்து மூடிவிட்டு வெப்பத்தைக் கூட்டலாம். வெறும் ஓடு மட்டும் கிடந்தால் எலியின் வேலை.

உறை தடித்திருப்பதால் விதையின் ஓரங்களை உப்புத்தாளில் இலேசாகத் தேய்ப்பது வழக்கம். கூர்முனையை மட்டும் தொடக்கூடாது, ஏனெனில் வேர் புறப்படுவது அங்கிருந்துதான். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓரிரண்டு மணி நேரம் ஊறவைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். மேலாக ஊன்றினால் உறையைக் கழற்றிவிட மண்ணின் பிடி போதாமல், முளை அதைத் தலையில் மாட்டிக்கொண்டே மேலே வந்துவிடும். அப்படி வந்த ஒரு நாற்றின் உறையை ஒருமுறை காய்ந்த நிலையிலேயே பிடித்து இழுத்தேன். விதைக்குள்ளிருந்து முதலில் விரியும் இரட்டை இலைகளான வித்திலைகளோடு அவற்றின் நடுவே இருந்த குருத்தும் கிள்ளுண்டு வந்துவிட்டது. அந்தத் தண்டு ஒரு வாரம் பச்சையாகவே நின்றது, ஆனால் அதிலிருந்து ஒரு இலைகூட வரவில்லை. நனைத்த பஞ்சை உறையின்மேல் அரைமணி நேரம் வைத்திருந்தால் அது தானாகவே இளகிவிடும் என்பதை அதன்பின்தான் கற்றுக்கொண்டேன்.

மிகுதியான நாற்றுகளைப் பலிகொள்வது நாற்றழுகல் நோய். முதல்நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலை சாய்ந்து கிடக்கும். வித்திலைகளோ அப்போதும் பச்சையாகவே இருக்கும். குனிந்து பார்த்தால், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர் கோத்து, கண்ணாடிபோல் ஆகி, நூலாக மெலிந்திருப்பது தெரியும். மண்ணில் வாழும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசண வகை நுண்ணுயிர்கள் செய்யும் வேலை இது. செடி வாடிவிட்டது என்று எண்ணி இந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதே பலரும் செய்யும் தவறு. பக்கத்துத் தொட்டிகளுக்கும் அது பரவ நாமே வழி செய்கிறோம். தண்டு மெலிந்துவிட்ட நாற்றை மீட்க எந்த மருந்தும் இல்லை, அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. வராமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது: தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போடாமல், நீர் எளிதில் வடியும் புதிய நாற்றுக்கலவையைப் பயன்படுத்துவது, மேலிருந்து ஊற்றாமல் தட்டில் நீர் வைத்துத் தொட்டியை அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிஞ்சிய நீரைக் கொட்டிவிடுவது, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் தருவது, முளை வெளிவந்த உடனே மூடியை எடுத்துக் காற்றோட்டம் கொடுப்பது. நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மை தரும் பூசணமான டிரைக்கோடெர்மாவை விதைக்குமுன் கலவையில் சேர்ப்பதும் பயன் தரும்.

நாற்று வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை; முளைப்பதற்குத் தந்த அதே சூட்டை முளைத்த பின்னும் தொடர்வதும் அதற்கு ஒரு காரணம். முளைத்த அன்றே வெப்பத்தை 20 முதல் 24 டிகிரி அளவுக்குக் குறைத்து, விளக்கைச் செடிக்கு ஒரு சாண் உயரத்துக்குள் இறக்கி, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரமாவது எரியவிட வேண்டும். வித்திலை மஞ்சளாவதைக் கண்டதும் உரத்தைத் தேடி ஓடாதீர்கள். வித்திலைகளுக்குப் பின் குருத்திலிருந்து வரும் முதல் இலையான உண்மையிலை விரியும்வரை தேவையான உணவு வித்திலைகளிலேயே இருக்கிறது. அந்த வயதில் இடும் உரம் இலையோரத்தைக் கருக்கத்தான் உதவும், மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் வேரடியில் தேங்கிய நீர்.

நடவைத் தள்ளிப்போடுவதும் ஒரு நோய்க்குச் சமம் என்பேன். பரங்கியின் ஆணிவேர் வெகுவிரைவில் தொட்டியின் அடியைத் தொட்டு வளையத் தொடங்கிவிடும், அப்படி வளைந்த வேர் நிலத்தில் எளிதில் தேறாது. முளைத்த பத்துப் பதினைந்து நாளில், முதல் உண்மையிலை நன்றாக விரிந்தவுடன், வேர்க்கட்டி உடையாமல் நட்டுவிட வேண்டும். அதற்கு முந்தைய ஒரு வாரம் சிறிது சிறிதாக வெயிலும் காற்றும் பழக்காவிட்டால் இலையில் வெண்திட்டுகள் விழும்; அது வெயிற்காயம், நோய் அன்று. நெடுகிய நாற்றை வித்திலை மட்டம்வரை மண் அணைத்து நடலாம். முதல் உண்மையிலை எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகவே கொடி பெரும்பாலும் ஓடும் என்பதால், கொடிக்கு ஒதுக்கிய இடத்துக்கு முதுகு காட்டி அந்த இலை நிற்கும்படி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

பெருங்காயின் படத்தை வெளியிடும் தாங்கள், அடுத்த விதைப்புக் காலத்தில் வேளாண் பக்கத்தில் நாற்றின் படங்களையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நூலாக மெலிந்த தண்டு, உறை மாட்டிய முளை, வெயிற்காயம் பட்ட இலை ஆகிய மூன்றும் அருகிலிருந்து எடுத்த படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தொட்டியின் முன் குழம்பி நிற்பவர் தண்ணீர்க் குவளையை எடுப்பதற்குமுன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்