அந்தக் கால் என்ன சொல்கிறது?

அன்புள்ள கலா,

படியிறங்கும்போது அதே இடது கணுக்கால் மறுபடியும் மடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். வீக்கம் வடிந்துவிட்டது, வலியும் இல்லை, ஆனாலும் அந்தக் காலை நம்ப முடியவில்லை என்றாயே, அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு நேரமாயிற்று. என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

சுளுக்கில் தசைநார் மட்டும் கிழிவதில்லை. பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அடிபடுகின்றன என்று ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவர் 1965-லேயே எழுதினார். வலி போன பிறகும் கால் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தத் தடுமாற்றத்தை இப்போது போனை வைத்துப் பார்க்கிறேன். அதற்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் நொடிக்கு 100 முறை அசைவைப் பதிவு செய்யும். போனைப் பட்டையால் கீழ்முதுகில் இறுக்கிக் கட்டி, இடுப்பில் கைவைத்து ஒற்றைக் காலில் 20 நொடி நிற்கச் சொல்வேன். போன வாரம் ஒரு பெண் வந்தாள், ஓட்டக்காரி. கண் திறந்திருந்தபோது இரண்டு காலிலும் ஒரே மாதிரிதான் நின்றாள். கண்ணை மூடியதும் அடிபட்ட காலின் விரல்கள் தரையைக் கவ்வ ஆரம்பித்தன. புறங்காலில் தசைநாண்கள் துள்ளின. திரையில் அதுவரை மெல்லிசாக ஓடிய கோடு அடர்ந்த புல் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். பயத்தால் இல்லை, "நான் சும்மா சொல்லலைன்னு இப்ப தெரியுதில்ல" என்றாள்.

ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கணுக்கால் செய்யாத வேலையைச் சிலருக்கு இடுப்பு எடுத்துக்கொள்ளும். அதனால் போனை இடுப்பருகே கட்டுவதும் முழங்காலுக்குக் கீழே கட்டுவதும் ஒன்றல்ல. ஒருநாள் இங்கே, மறுநாள் அங்கே என்று மாற்றிக் கட்டினால் எண்களை ஒப்பிடவே முடியாது. பட்டை தளர்ந்தாலும் அப்படித்தான், போனின் ஆட்டம் உன் ஆட்டமாகப் பதிவாகும். தசைநார் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதையும் போன் சொல்லாது, அதற்குக் கைதான் வேண்டும்.

சரி, நீயும் செய்து பார். சுவரோரமாக, பக்கத்தில் யாராவது இருக்கும்போது மட்டும் கண்ணை மூடு. முதலில் வலது கால், அப்புறம் இடது. ஒவ்வொன்றிலும் மூன்று முறை நின்று பதிவுகளை எனக்கு அனுப்பு. நேரில் வரும்போது காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயிற்சியை முடிவு செய்யலாம். அதுவரை படியில் கைப்பிடியை விடாதே.

உன்,
மீனா