மெயிலை அழித்தால் சர்வரில் இடம் வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருஷக் கணக்கு முடிக்கும் நேரம் வந்தால் போதும், பல அலுவலகங்களில் ஒரு சுற்றறிக்கை கிளம்பிவிடும். "மெயில் சர்வரில் இடம் இல்லை. எல்லோரும் சனிக்கிழமைக்குள் பழைய மெயில்களை அழித்துவிட வேண்டும், தவறினால் மெயில்பாக்ஸ் முடக்கப்படும்." கோவை, திருப்பூர் பக்கம் கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மெயில் சர்வர் பார்த்துக்கொடுப்பதுதான் என் தொழில். ஐநூறு பேர் உட்கார்ந்து நாள் முழுக்க அழித்தாலும் அன்றைக்குச் சர்வர் டிஸ்கில் ஒரு ஜிபிகூட மிச்சமாகப் போவதில்லை. போதாக்குறைக்கு, இருந்த கொஞ்ச இடமும் அன்றைக்கே தீர்ந்துபோக வாய்ப்பு உண்டு.

ஜிமெயில் பழக்கத்தால் வந்த நம்பிக்கை இது. கூகுள் நமக்குத் தரும் 15 ஜிபி வெறும் கணக்குதான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தால் அந்தக் கணக்கில் குறைந்துவிடும், பின்னால் டிஸ்கில் என்ன நடக்கிறது என்பது கூகுளின் தலைவலி. சொந்தமாகச் சர்வர் வாங்கி ஏசி ரூமில் வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்தத் தலைவலி அதனுடையதே.

நான் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் ஓடுவது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் சர்வர் மென்பொருள். அதில் நூறு பேரின் மெயில்பாக்ஸாக இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஈடிபி என்ற ஒரே பெரிய டேட்டாபேஸ் ஃபைலுக்குள் இருக்கும். நீங்கள் ஒரு மெயிலை அழிக்கிறீர்கள், டெலீட்டட் ஐட்டம்ஸையும் காலி செய்கிறீர்கள். அது அப்போதும் போகாது. தவறுதலாக அழித்தவர் திரும்பக் கேட்டால் எடுத்துக்கொடுப்பதற்காக, நாம் எதையும் மாற்றாத பட்சத்தில் 14 நாள் வேறொரு மறைவான ஃபோல்டரில் சர்வர் அதை வைத்திருக்கும். அதற்கும் பிறகுதான் அந்த மெயில் இருந்த பக்கங்கள் (ஃபைலின் சின்னச் சின்னத் துண்டுகள்) காலி என்று டேட்டாபேஸுக்குள் குறித்துக்கொள்ளும். அப்போதும் 400 ஜிபி ஃபைல் 400 ஜிபிதான். குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போனால் வீடு காலியாகுமே தவிர கட்டடம் சுருங்காது, அதே கதைதான். அடுத்து வரும் மெயில்கள் அந்தக் காலியிடத்தில் உட்காரும் என்பதால் ஃபைல் வளர்வது கொஞ்ச காலத்துக்கு நிற்கும். அந்த அளவில் அழிப்பது வீண் இல்லை. ஆனால் டிஸ்க் இந்த வாரம் நிரம்பப் போகிறது என்றால் அது இந்த வாரத்துக்கு உதவாது, அவ்வளவுதான் என் வாதம்.

இடம் தீர்ந்துபோகும் என்று ஏன் சொன்னேன்? எக்ஸ்சேஞ்ச் எந்த மாற்றத்தையும் முதலில் லாக் ஃபைலில் எழுதிவிட்டுத்தான் டேட்டாபேஸில் எழுதும், நடுவில் கரண்ட் போனாலும் கணக்கு தப்பக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு லாக் ஃபைலும் 1 எம்பி. மெயில் வந்தாலும் அதில் எழுதப்படும், அழித்தாலும் எழுதப்படும். எனவே எல்லோரும் ஒரே நாளில் உட்கார்ந்து அழித்துத் தள்ளினால் லாக் ஃபைல்கள் மளமளவென்று குவியும். டேட்டாபேஸும் லாக்கும் ஒரே டிஸ்கில் இருந்து (செலவைக் குறைக்கிறோம் என்று பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்) அந்த டிஸ்க் நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் தானாகவே இறங்கிவிடும், அதாவது வேலை செய்வதை நிறுத்திவிடும். அப்புறம் முதலாளி முதல் கேட் ரிஜிஸ்டர் எழுதுபவர் வரைக்கும் யாருக்கும் மெயில் திறக்காது. அதற்கு முன்னாலேயே கூட, டிஸ்கில் இடம் குறைந்தால் வெளியிலிருந்து வரும் மெயிலை இப்போதைக்கு வாங்க முடியாது என்று 452 என்ற எண்ணோடு சர்வர் திருப்பிவிட ஆரம்பிக்கும். ஆர்டர் அனுப்பிய பையர் அங்கே காத்திருப்பார், இங்கே யாருக்கும் தெரியாது.

சரி, அந்த லாக் ஃபைல்கள் எப்போதுதான் போகும்? டேட்டாபேஸை முறையாக பேக்கப் எடுத்து முடித்ததும் சர்வரே அவற்றை நீக்கிக்கொள்ளும். "சர்வரில் இடம் இல்லை" என்று எனக்கு வரும் அழைப்புகளில் நான் முதலில் கேட்கும் கேள்வியே கடைசியாக பேக்கப் எப்போது நல்லபடியாக முடிந்தது என்பதுதான். பாதிப்பேருக்குப் பதில் தெரியாது. ஒரு கம்பெனியில் பேக்கப் தோல்வி என்று தினமும் ஒழுங்காக மெயில் வந்துகொண்டிருந்தது, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் மெயில்பாக்ஸுக்கு! லாக் மட்டும் டேட்டாபேஸ் அளவுக்கு வளர்ந்து நின்றது. அங்கேயும் ஊழியர்களை மெயில் அழிக்கச் சொல்லி அதற்கு முந்தைய வாரம்தான் சுற்றறிக்கை விட்டிருந்தார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அவசரத்தில் அந்த லாக் ஃபைல்களைக் கையால் செலக்ட் செய்து அழிப்பது. டேட்டாபேஸில் இன்னும் எழுதப்படாத லாக் அதில் ஒன்று போனாலும் அடுத்த முறை டேட்டாபேஸ் ஏறாது. ரிப்பேர் என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் பழுதான பக்கங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் ரிப்பேர் அது. இன்னும் சிலர் லாக் என்று பெயர் இருப்பதையெல்லாம் அழித்துவிடுகிறார்கள். யார் எப்போது சர்வருக்குள் வந்தார் என்ற பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவே போட்டிருக்கிறது. சி டிரைவ் நிரம்பியது என்று அதையும் சேர்த்துத் துடைத்தால், நாளைக்கு ஒரு மோசடி மெயில் விவகாரம் வரும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

ஃபைலை நிஜமாகவே சின்னதாக்க வழி இல்லையா? இருக்கிறது. ஈஎஸ்இயூடில் என்ற கருவியைக் கொண்டு ஆஃப்லைன் டீஃப்ராக் செய்யலாம், அதாவது காலிப் பக்கங்களை விட்டுவிட்டு ஃபைலைப் புதிதாக எழுதலாம். டேட்டாபேஸை இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அத்தனை நேரமும் அதில் இருக்கும் யாருக்கும் மெயில் கிடையாது, பெரிய ஃபைல் என்றால் மணிக்கணக்கில் ஓடும். இதில் வேடிக்கை என்னவென்றால் அதற்கு டேட்டாபேஸ் அளவில் 110 சதவீதம் காலியிடம் தேவை. இடம் இல்லை என்றுதானே இதில் இறங்குகிறோம்! முடிந்த கையோடு புதிதாக ஃபுல் பேக்கப் எடுக்க வேண்டும், பழைய பேக்கப்போடு புது லாக் ஒட்டாது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. வேறொரு டிஸ்கில் புது டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, மெயில்பாக்ஸ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு மாற்றிவிட்டு, பழைய ஃபைலை மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள். ஊழியர்களுக்கு வேலை தடைபடாது. மாற்றும்போதும் புது இடத்தில் லாக் நிறைய எழுதப்படும் என்பதால் நடுநடுவே பேக்கப் ஓட வேண்டும், இதை மறந்தால் புது டிஸ்கும் நிரம்பும்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் டேட்டாபேஸுக்குள் ஏற்கெனவே எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் கட்டளையில் சர்வரே சொல்லிவிடும். உள்ளேயே நூறு ஜிபி காலி என்றால் டிஸ்கைச் சாப்பிடுவது வேறெதுவோ என்று அர்த்தம்.

இடம் எங்கே போகிறது என்பதையும் பேசிவிடலாம். பழைய எக்ஸ்சேஞ்சில் ஒரே டேட்டாபேஸில் இருக்கும் நூறு பேருக்கு ஓர் அட்டாச்மென்ட் அனுப்பினால் ஒரே பிரதிதான் சேமிக்கப்படும். எக்ஸ்சேஞ்ச் 2010-இல் வேகத்துக்காக அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள், டிஸ்க்தான் மலிவாகிவிட்டதே என்று. இன்றைக்கு எச்.ஆர். தீபாவளி வாழ்த்தை 10 எம்பி படமாக 300 பேருக்கு அனுப்பினால் 3 ஜிபி போச்சு. டேட்டாபேஸுக்கு இன்னொரு சர்வரில் நகல் ஓடுகிறது என்றால் 6 ஜிபி. அதற்கு நாலு பேர் படத்தோடு சேர்த்து "சேம் டு யூ" என்று எல்லோருக்கும் ஃபார்வர்ட் செய்வார்கள், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. படத்தைப் பொது ஃபோல்டரில் போட்டு லிங்க் அனுப்பினால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் சுற்றறிக்கையில் இதை ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

இடம் போதவில்லை என்றதும் சிலர் சொல்லும் இன்னொரு யோசனை, "பிஎஸ்டி ஃபைலாக (அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் ஃபைல்) உங்கள் லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்." இதை நான் அடியோடு எதிர்க்கிறேன். சர்வரில் இருக்கும் வரை பேக்கப் உண்டு, லேப்டாப்பில் இறங்கியதும் அந்த மெயிலுக்கு நாதி கிடையாது. ஹார்ட் டிஸ்க் போனால் போனதுதான். ஆள் வேலையை விட்டுப் போனால் லேப்டாப்பை ஃபார்மட் அடித்துப் புது ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், வாடிக்கையாளரோடு நடந்த அத்தனை வருஷப் பேச்சும் அதோடு போய்விடும்.

லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற இலவச மெயில் மென்பொருள்களை வைத்து ஓட்டும் சின்ன அலுவலகங்களில் கதை கொஞ்சம் மாறும். அங்கே மெயில்டிர் முறை என்றால் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், அழித்தால் இடம் உடனே கிடைக்கும். ஆனால் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் சேர்ந்து ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்கில் ஒதுக்கப்படும் பதிவு எண்) தீர்ந்துபோனால், டிஸ்கில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே "இடம் இல்லை" என்று சர்வர் சொல்லும். அனுபவம் இல்லாதவர் குழம்பிப்போவார்.

நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் இனிமேல் சொல்லப்போவதுதான். இதே மாதிரிச் சுற்றறிக்கை அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் வருவதாக அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஐ எடுத்துப் பாருங்கள், தகவல் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே மின்னஞ்சலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கும் அதன் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொதுப் பதிவேடுகள் சட்டம் 1993 என்று ஒன்று இருக்கிறது. கணினியில் உருவானதும் அதன்படி பதிவேடுதான், விதிமுறைப்படி அல்லாமல் அழித்தால் 5 ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது. தனியார் கம்பெனிகளுக்கும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி கணக்குகளையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டு வைத்திருக்கும் கடமை உண்டு. இப்போதெல்லாம் பில் முக்கால்வாசி மெயிலில்தானே வருகிறது? நிலைமை இப்படி இருக்க, டிஸ்க் வாங்கும் செலவுக்குப் பயந்து, எது பதிவேடு எது குப்பை என்று சொல்லிக்கூடக் கொடுக்காமல், ஒவ்வொரு எழுத்தரையும் "உனக்குப் பிடித்ததை அழி" என்று விடுவது எப்படிச் சரியாகும்? டெண்டர் சம்பந்தமான மெயிலை ஒருவர் வேண்டுமென்றே அழித்தாலும் "சுற்றறிக்கைப்படி செய்தேன்" என்று சொல்லித் தப்பிக்கலாமே!

எவ்வளவு காலம் எந்த மெயிலை வைத்திருப்பது என்று நிர்வாகமே எழுத்தில் முடிவு செய்யட்டும், அதைச் சர்வரில் விதியாகப் போட்டுவிட்டால் காலம் முடிந்ததைச் சர்வரே நீக்கிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சில் அந்த வசதி வந்து வருஷக்கணக்காகிறது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் எப்படியும் பல அலுவலகங்கள் புது சர்வருக்கோ கிளவுடுக்கோ மாறித்தான் ஆக வேண்டும். மாறும்போதே இதையும் முடிவு செய்துவிடலாம், டேட்டாபேஸும் புதிதாகவே ஆரம்பிக்கும். அதுவரைக்கும், அடுத்த சுற்றறிக்கை வந்தால் வாசகர்கள் தங்கள் ஐடி பிரிவுக்கு மூன்று கேள்விகளைப் பதிலாக அனுப்பலாம். கடைசி ஃபுல் பேக்கப் எந்தத் தேதியில் முடிந்தது, டேட்டாபேஸுக்குள் காலியிடம் எவ்வளவு, எங்கள் பிரிவு எந்த மெயில்களை அழிக்கக் கூடாது. மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வரும் வரை எதையும் அழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.