உன் சில்வர் சாயத்துக்குக் கருமாதி முடிந்தது

சுங்கை சிப்புட், மலேசியா,
6 பிப்ரவரி 2026

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், உன் மகள் போடுகிற படங்களில் தொப்பை அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு நீ எழுதியதற்குப் பொங்கல் தாண்டியும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? இந்தத் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குக்கூடப் போகவில்லை என்றால் நம்புவாயா? காரணம் நம் பழைய வாத்தியாரின் டெலஸ்கோப் குழாய்.

அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. பள்ளி ஸ்டோரில் மேடைக்குப் பின்னால், கூரை ஒழுகுகிற மூலையில், விளையாட்டுப் போட்டிக் கொடிக்கம்புகளோடு சாய்த்து வைத்திருந்தார்கள். இப்போதிருக்கிற பெரிய வாத்தியாரை நீ பார்த்ததில்லை, நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு, "இது பழைய தண்ணிக் குழாயா சார், பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1986-ல் ஹேலி வால்நட்சத்திரம் பார்க்க மொத்தத் தோட்டமும் திடலில் வரிசை பிடித்து நின்றதே, அந்தக் குழாயடா! அந்தக் கதையை எல்லாம் அவரிடம் எங்கே போய்ச் சொல்வது? "நான் எடுத்துக்கிட்டுப் போய்ச் சரிபண்ணித் தர்றேன்" என்று சொல்லி மருமகன் லோரியில் ஏற்றிவிட்டேன்.

கண்ணாடி பிழைத்தது. வாத்தியார் அதைக் கழற்றிப் பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு, துணி சுற்றி வைத்திருந்தார். ஓரத்தில் கொஞ்சம் பூசணம், மற்றபடி ஆறு அங்குலமும் சுத்தம். அதை நான் தொடவில்லை. அலுமினியப் பூச்சு முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது, என் கை மெக்கானிக் கை. சின்னக் கண்ணாடி, கண் வைத்துத் தெளிவாக்குகிற போக்கசர், குறி பார்க்கிற பைண்டர் எல்லாவற்றையும் கழற்றி, எது எந்தத் துளைக்கு என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, வெறும் குழாயோடு உட்கார்ந்தேன்.

இனிமேல் வருவதை உட்கார்ந்து படி.

சுரண்டத் தொடங்கியதும் மேலே என்ன வந்தது தெரியுமா? உன் சில்வர். 1994 விளையாட்டுப் போட்டிக்கு முந்தின வாரம் நீயும் கட்டையனும் "புதுசு மாதிரி ஆக்கிட்டோம் சார்" என்று வாத்தியாரிடம் போய் நின்றீர்களே, இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற அந்தச் சாயம். பிரஷ் மயிர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கொசுவும் இருக்கிறது, சமாதியானபடியே. அதற்கு அடியில் துரு. சுரண்டாத, தேய்க்காத, துடைக்காத துரு. இரும்பு துருவானால் பருக்கும், தான் இருந்ததைவிட அதிக இடம் கேட்கும். மேலே எத்தனை சாயம் இருந்தாலும் அடியிலிருந்து நெம்பித் தூக்கிவிடும். நீ சாயமா அடித்தாய்? துருவுக்குப் போர்வை போத்திவிட்டிருக்கிறாய். முப்பது வருஷம் அது உள்ளே நிம்மதியாகத் தூங்கி வளர்ந்திருக்கிறது. கட்டையனிடம் கேட்டால் உன்னைக் கைகாட்டுகிறான். நீ அவனைக் கைகாட்டுவாய். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

துரு எங்கே அதிகம் என்று பார்த்தால் எல்லாம் காரணத்தோடுதான் இருக்கிறது. தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த தையல் ஓரம், ஸ்க்ரூ துளைகள், அடி விளிம்பு, பிறகு குழாயைத் தாங்குகிற வளையம் பிடிக்கிற இரண்டு இடம். மேகமில்லாத இரவில் வானத்தைப் பார்த்து நிற்கிற குழாய் தன் சூட்டை மேலே விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துபோகும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? பனி அதன்மேல் இறங்கி, வழிந்து, அடி விளிம்பில் தேங்கும். வளையத்துக்குள் ஒட்டியிருந்த கம்பளித் துணி அந்த ஈரத்தைக் குடித்து மறுநாள் முழுக்க இரும்போடு அணைத்து வைத்திருக்கும். அந்தத் துணியை உரித்தபோது கூடவே இரும்பும் செதில் செதிலாக வந்தது. இனி அங்கே கார்க் தாள்தான்.

நீ போனில் சொன்னாய், "ஈப்போவில் கொடுத்து பவுடர் கோட்டிங் போட்டுவிடு, தலைமுறைக்கும் நிற்கும்" என்று. நிற்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரத்தால் பொடியை ஒட்டவைத்து, 180, 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வேகவைத்தால் வெயிலுக்கும் கீறலுக்கும் அசையாது. ஆனால் துரு தின்ற குழிகளுக்கு நான் காடிக்கு, அதான் காருக்கு, போடுகிற பட்டி போட்டிருக்கிறேன், அந்தச் சூட்டில் அது நிற்காது. உள்ளே கறுப்பு வேண்டும். நீளக் குழாயின் உள்பக்கம் அந்தப் பொடி சரியாகப் போய் ஒட்டாது, மின்சாரம் வாய் ஓரத்திலேயே அதை இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் போக, சீனப் பெருநாள் 17-ஆம் தேதி. ஊரில் இருக்கிற கேட்டும் கிரில்லும் எல்லாம் கோட்டிங் போடுகிற சீன முதலாளி தவ்கேயின் கடையில்தான் அடுக்கியிருக்கிறது. ஒற்றைக் குழாயைத் தூக்கிக்கொண்டு போனால் மேலும் கீழும் பார்க்கிறார்.

அதனால் அடியில் எப்பாக்சிச் சாயம், அதன்மேல் பாலியூரிதேன் சாயம். கப்பலுக்கும் பாலத்துக்கும் அடிக்கிற முறை. தோட்டத்து ஆலையில் டாங்கிகளுக்கு அடித்த கைதானே இது.

முதலில் தின்னர் போட்டுத் துடைத்தேன், பிறகுதான் தேய்ப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்த்தால் அதை இரும்புக்குள்ளேயே அழுத்திவிடுவோம். கம்பி பிரஷ், பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாள், 120, 180. குழிகளின் ஆழத்தில் கறுப்பாக நின்றதற்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம். அது துருவை மாற்றிவிடும் என்று எல்லாரும் பூசிவிட்டுப் போய்விடுகிறார்கள். மிச்ச அமிலம் கிடந்தால் எப்பாக்சி பிடிக்காது. நன்றாகக் கழுவி, காயவைத்து, மறுபடி தாள் போட வேண்டும். என் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உங்க அம்மாவை ஒருநாளாச்சும் இப்படித் துடைச்சு விட்டிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாயம் எப்போதும் தோற்கிற இடம் ஓரம்தான், செல்வம். இதை உனக்கு வகுப்பு எடுத்தே ஆக வேண்டும். கூரான விளிம்பில் சாயம் நிற்காது, காயும்போது இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு அங்கே மட்டும் தோல்போல் மெலிந்துவிடும். அதனால் ஒவ்வொரு துளைக்கும் அரம் போட்டு விளிம்பை உருட்டினேன். துளைகளுக்கும் தையலுக்கும் இரண்டு வாய்க்கும் முதலில் கைப்பிரஷால் தனியாக ஒரு பூச்சு, அதன்பிறகுதான் முழு உடம்புக்கும். ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றி, இரும்பை நேராகத் தொடாதபடி நைலான் வாஷர் கொடுத்திருக்கிறேன். இரண்டு உலோகம் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் ஒன்று மற்றதைத் தின்னும்.

நம் ஊர் மழையோடு மல்லுக்கட்டியதைத் தனிக் கடிதமாகவே எழுதலாம். தேய்த்து வெள்ளையாக வைத்த இரும்பு இங்கே ஒரு இரவு தாங்காது, காலையில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதனால் தேய்த்த அன்றே பிரைமர், அதாவது எப்பாக்சி முதல் பூச்சு. அதற்கும் கணக்கு இருக்கிறது: காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் சூடு பனி படிகிற சூட்டைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். காலை பத்துக்கு முன்னால் முடியாது. மூன்று மணிக்குமேல் லாசா ஊர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும். தை மாதம் கொஞ்சம் வெயில் கொடுத்ததால் பிழைத்தேன். பூச்சுக்குப் பூச்சு இடைவெளியும் டின்னில் போட்டிருக்கிற நேரத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் எப்பாக்சி இறுகி வழுக்கும், மேல்பூச்சு பிடிக்காது, மறுபடி தாள் போட வேண்டியதுதான். தைப்பூசத்தன்று அந்த நேரத்துக்குள்தான் மாட்டிக்கொண்டேன். முருகன் கோபிக்க மாட்டார், அவர் வேலும் இரும்புதானே.

எப்பாக்சி வெயில் பட்டால் வெளுத்து மாவு தட்டும். அதனால்தான் மேலே பாலியூரிதேன். அதைக் காடிக்குச் சாயம் அடிக்கிற பையனிடம் கொடுத்தேன், ஸ்டேஷன் ரோட்டில் புதிதாகக் கடை போட்டிருக்கிறான். நல்ல கை. ஆனால் மூக்கில் வெறும் தூசி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னைத் தூக்குகிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாலியூரிதேனோடு கலக்கிற ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலில் போய் ஒரு முறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் மோந்தாலும் மூச்சு அடைக்கும், தூசி மாஸ்க் அதைத் தடுக்காது என்று சொன்னேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நம் ஸ்ப்ரே அண்ணன் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினாரே, படுத்தால் மூச்சு வராமல். அது எதனால் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பையனுக்கு வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவருகிற முகமூடி வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். வாங்கும்வரை என் வேலையைத் தொடாதே என்றேன். வாங்கிவிட்டான்.

நிறம் வெள்ளை. நீ உடனே ஆரம்பிப்பாய், "கறுப்பு அடிச்சா சூட்டை வேகமா விடும், பனி அதிகமாப் பிடிக்கும், வெள்ளைன்னா பிடிக்காது" என்று. அது பகல் கணக்கு. வெயிலில் வெள்ளை குளிர்ச்சிதான். இரவில் இரும்பு வெளியே விடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதில் வெள்ளைச் சாயமும் கறுப்புச் சாயமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் நன்றாகவே விடும். சூட்டை விடாமல் பிடித்து வைப்பது சாயமில்லாத பளபளப்பான அலுமினியம். உன் சில்வர் அந்த வகையில் ஏதாவது உதவியதா என்றால், அதற்குள்தான் துரு வந்துவிட்டதே! இருட்டில் பிள்ளைகள் இடித்துக்கொள்ளாமல் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் வெள்ளை.

பாலியூரிதேன் முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை வளையம் மாட்டக் கூடாது. இப்போது கூடத்தில் இரண்டு நாற்காலிக்கு நடுவில் கயிற்றில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் என்னவென்று கேட்கிறார்கள், பேரன் ராக்கெட் என்கிறான்.

இனி நான் எழுத நினைத்ததைக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன். இதை இவ்வளவு கெட்டியாகச் செய்துவிட்டு யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்தால் கை நின்றுவிடுகிறது. நம் காலத்தில் ஒரு வகுப்புக்கே பெஞ்சு போதாது. இப்போது பள்ளி முழுக்க முப்பது பிள்ளைகள்கூடத் தேறாது. ரப்பர் பால்மரம் எல்லாம் செம்பனையாகி, தோட்டத்து லயத்து வீடுகளை இடித்து, சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் ஈப்போவுக்கும் போய்விட்டார்கள். 150 பேருக்குக் குறைந்தாலே குறைந்த மாணவர் பள்ளி என்கிறது அரசாங்கம். இது அதற்கும் எவ்வளவோ கீழே. இடம் மாற்றி டவுனுக்குக் கொண்டு போகலாம் என்று ஒரு பேச்சு, அப்படியே வைத்துக் காப்பாற்றலாம் என்று ஒரு பேச்சு. கூட்டத்தில் இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். நான் இடம் மாறட்டும் என்கிற பக்கம். கட்டையன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. கட்டடம் நமக்கு நினைவு, பிள்ளைகளுக்கு அங்கே என்ன? ஆறு கிலோமீட்டர் தாண்டி யாராவது கொண்டுவந்து விட்டால்தான் பள்ளி. பிள்ளைகள் போகிற இடத்துக்குக் குழாயும் போகட்டும். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, போனில் சொல்லாதே, போனில் நீ எல்லாருக்கும் ஆமாம் போடுவாய்.

மார்ச் 3, செவ்வாய், முழுச் சந்திர கிரகணம். நம் ஊரில் ஏழரை வாக்கில் நிலா உதிக்கும்போதே முழுதாக மறைந்து, சிவந்துதான் வரும். முழு மறைப்பு எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும், 9.17-க்கு நிழல் விலகும். கிழக்கே மலை மறைக்கிறது என்பதால் திடலில் வேண்டாம், சாலைக்கு அந்தப் பக்க மேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய வாத்தியார் சொல்லியிருக்கிறார். நோன்பு மாதம் வேறு, காவல்கார மலாய்ப் பெரியவர் பாக்சிக் நோன்பு திறந்துவிட்டு வருகிறேன் என்றார். "கிரகணத்துக்குக் கண்ணே போதுமே, டெலஸ்கோப் எதற்கு?" என்று கேட்காதே. அந்த நேரத்தில் வியாழன் தலைக்கு மேலே இருக்கும், அதன் பெரிய நிலாக்களும் இந்தக் கண்ணாடியில் தெரியும். நிலா மங்கலாக இருக்கும்போதே ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தையும் காட்டிவிடலாம். தெற்கே அகத்தியர் நட்சத்திரம். ஹேலியில் ஏமாந்த நம் கூட்டத்துக்கு இது கடன். அது அடுத்து 2061-ல்தான் வரும், பூச்சு தாங்கினாலும் நாம் தாங்க மாட்டோம்.

வரும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு மீட்டர் கறுப்பு வெல்வெட் வாங்கி வா. உள்ளே வெறும் மினுக்கமில்லாத கறுப்புச் சாயம் போதவில்லை. குழாய் வழியாகச் சாய்வாக ஜன்னலைப் பார்த்தால் சாம்பலாய் மினுக்குகிறது. போக்கசருக்கு எதிர்ப்பக்கமும் வாய் ஓரமும் மட்டும் ஒட்டினால் போதும். பருத்தி வேண்டாம், ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கும், பாலியெஸ்டராகப் பார். கடைக்காரன் நீலம் கலந்த கறுப்பைத் தலையில் கட்டுவான், வெளியே வெயிலில் கொண்டு வந்து பார்த்து வாங்கு. உன் கண்ணை நம்பாதே, தங்கச்சியைப் பார்க்கச் சொல். காசு நான் தரமாட்டேன், 1994 கணக்கில் கழித்துக்கொள்.

உன்,
மாணிக்கம்