காஸ் வரும் என்று காணி வாங்காதே

தம்பி,

நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் கேட்டோம். மன்னார் கடலுக்கு அடியில் கிடக்கிற இயற்கை காஸை எடுக்கப் போறாங்கள், விலை ஏற முதல் தேவன்பிட்டிப் பக்கம் கரையோரமாக ஐந்து ஏக்கர் வாங்கிப் போடுங்கோ என்கிறாய். வேண்டாம். போனில் சொன்னால் மறித்து மறித்துக் கதைப்பாய், அதுதான் எழுதுகிறேன்.

காஸ் இருக்கிறது என்பது பொய்யில்லை. 2011 இல் கெயர்ன் கொம்பனி சிக்யு என்ற ஜப்பான் கப்பலைக் கொண்டுவந்து மன்னார் வளைகுடாவில் மூன்று கிணறு துளைத்தது. டொராடோ, பராகுடா என்று பேர் வைத்த இரண்டிலும் காஸ் கண்டார்கள், மூன்றாவது வெறும் கிணறு. டொராடோவில் கடலின் ஆழமே 1,354 மீட்டர், நம்முடைய கணக்கில் 740 பாகம். நாங்கள் விடத்தல்தீவில் வலை விடுகிற இடம் நாலைந்து பாகம்தானே, நினைத்துப் பார். அந்தத் தண்ணீரையும் தாண்டித் தரையைத் துளைத்துக்கொண்டு போய், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் கீழே மணற்கல்லில் 25 மீட்டர் தடிப்புக்குத்தான் காஸ் அகப்பட்டது.

சரி, கண்டதும் எடுக்க வேண்டியதுதானே என்பாய். ஒரு கிணற்றில் கண்டால் மற்றப் பக்கம் எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாது, அதற்கு இன்னும் கிணறு துளைக்க வேண்டும், அந்த ஆழத்தில் ஒவ்வொன்றுக்கும் கோடிக்கணக்கில் டொலர் போகும், அப்புறம் யார் வாங்குவது, என்ன விலைக்கு என்று கையெழுத்தாகாமல் எவனும் கடலடியில் குழாய் போட மாட்டான். 2013 இல் துளைத்த நாலாவது கிணறும் வெறுமை. அடுத்த வருசம் உலகத்தில் எண்ணெய் விலை விழுந்தது, 2015 இல் கொம்பனி கை கழுவிவிட்டுப் போய்விட்டது. 2021 இல் எண்ணெய், காஸ் எடுக்கிறதற்கென்று புதுச் சட்டமும் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்தது, காஸ் வரவில்லை.

இந்தக் கதை உன் காலத்தில் தொடங்கினதும் இல்லை. 70களில் ரஷ்யாக்காரர் வந்து பேசாலையில் கிணறு தோண்டினார்கள். 1976 இல் பாக்கு நீரிணையில், 1981 இல் மன்னார் வளைகுடாவில் என்று வேறு கொம்பனிகளும் துளைத்துப் பார்த்தன. ஒன்றும் எடுபடவில்லை. ஒவ்வொரு முறையும் ஊரில் கதை மட்டும் நல்லாய் ஓடியது.

நாளைக்கே எடுத்தாலும் அந்தக் குழாய் தேவன்பிட்டிக்கு ஏன் வர வேண்டும்? காஸில் ஓடுகிற மாதிரிக் கட்டின மின்நிலையங்கள் கொழும்புக்குப் பக்கத்தில் கெரவலப்பிட்டியில் நிற்கின்றன. கப்பலுக்குச் சாமான் ஏற்றவும் இறக்கவும் துறைமுகம் கொழும்பில். நம்முடைய பெடியளுக்குக் காவல் வேலை கிடைத்தால் பெரிய காரியம்.

நமக்கு வரக்கூடியது ஆய்வுக் கப்பல்தான். அது பின்னால் கிலோமீட்டர் கணக்கில் கேபிளை இழுத்துக்கொண்டு போகும், காற்றை அழுத்தித் தண்ணீருக்குள் வெடிக்க வைத்து, கீழே பாறையில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைப் பிடிக்கும். அது ஓடுகிற பாதையில் வள்ளமும் வலையும் நிற்க விடமாட்டார்கள். இப்பவே அக்கரை இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன, அதற்கு மேல் இதுவும் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? நட்டஈடு கேட்கிறதென்றால் மீனவர் சங்கம் இப்பவே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன், சிலபேர் சிரித்தார்கள்.

அந்தக் காணியையும் போய்ப் பார்த்தேன். பாதி உவர், ஈச்சம்பத்தையும் உடைமரமும். தரகர் காணி உறுதிப் பத்திரம் என்று நீட்டின கடதாசி உறுதியே இல்லை, அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப் பத்திரத்தின் போட்டோக்கொப்பி. பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் அது கைமாறாது. கேட்டால், காஸ் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்!

காசு அனுப்புகிறதென்றால் எஞ்சினுக்கு அனுப்பு. இருக்கிறது மண்ணெண்ணெயைக் குடிக்கிற அளவுக்கு ஓட்டமில்லை, சோழகக் காற்று எழும்ப முதல் மாற்ற வேண்டும். விலையைக் கேட்டு அக்காவின் போனிலிருந்து அனுப்புகிறேன். தரகர் ஞாயிறு பூசை முடிய வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், நீயும் அவருக்குத் தனியாகப் போன் எடுத்துக் கதைக்காதே.

அப்பா